அரை அங்குலக் கண்

கோழிக்கம்பி வாத்தை உள்ளே வைக்கும்,
ரக்கூனை வெளியே வைக்காது.
இதைத் தெரிந்துகொள்ள எனக்கு
ஒரு வாத்து செலவானது.

மீன் ஆலையில் இரவுப்பணி முடித்து
மெட்டேகன் சாலை வழியே வீடு வந்தபோது
அறுகோணக் கண்ணொன்றில் பழுப்பு இறகு
சிக்கி ஆடிக்கொண்டிருந்தது.
தலையை மட்டும் கம்பி வழியே இழுத்துத் தின்றிருக்கிறது.
மற்ற மூன்றும் மூலையில்
ஒன்றன்மேல் ஒன்றாக.

அன்று தூங்கவில்லை.
மின்கட்டண உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
கையில் நூற்றிருபது டாலர்.
கடைக் கூண்டு எண்ணூறு;
விளம்பரப் படத்தில் அதனுள் நின்ற வாத்து
சிரிப்பதுபோல் இருந்தது
(எல்லா வாத்தும் அப்படித்தான்).

அரை அங்குலக் கண் வைத்த இரும்புவலை
சுருள் ஒன்று, வரியோடு நூற்றொன்பது.
சரி, காசெல்லாம் கண்ணுக்கே போகட்டும்.
மற்றதெல்லாம் இரவல்,
மற்றதெல்லாம் குப்பை.

சொயெல் வீட்டுப் பின்னால்
ஒரு டிராம்போலின் துருவேறிக் கிடந்தது.
"எடுத்துக்கொள் ஒடெட்,
அதில் குதித்தவனுக்கு இப்போது முதுகுவலி" என்றார்.
கிழிந்த துணியை அறுத்தெறிந்தேன்.
பன்னிரண்டடி வட்டம், மூன்றடிக் கால்கள்.
கால்களைச் சுற்றி வலை.
கூரைக்குத் துறைமுகத்தில் எறிந்த சிங்கி இறால் கூடைகள்,
பிரித்து, தட்டி நிமிர்த்தி,
நடுவில் இரண்டு கட்டை முட்டுக்கொடுத்து.
ஏமாற்றிய பழைய கோழிக்கம்பியையும் விடவில்லை:
வெளிச்சுற்றில் தரையோடு படுக்கவைத்துப் புல்லால் மூடினேன்.
தோண்ட வருகிறவனுக்கு அது போதும்.
நிற்கத் தெரியாதது
படுத்தால் உதவும்போல.

சேறுதான் பெரிய பாடு.
வாத்துக்கு ஒரு குவளை நீர் கொடுத்தால்
ஒரு வயலே செய்துவிடும்.
கோவில் வண்டி நிறுத்தத்தில் மிஞ்சிய கூழாங்கல்லைக்
கேட்டு வாங்கி, பதினேழு நடை தள்ளினேன்.
பாதிரியார் எண்ணிக்கொண்டிருந்தார்.

கதவுக்கு இரண்டு தாழ்.
ஒன்று தானே விழுவது, எட்டு டாலர்.
மற்றது சொயெலின் படகுக் கொக்கி.
ஐந்து விரல் உள்ள எதையும்
ஒரு தாழை நம்பி வெளியே விடக்கூடாது.

விடுமுறை இரவில் சமையலறை விளக்கணைத்துக் காத்திருந்தேன்.
வந்தது.
கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, அவசரமே இல்லை.
வட்டம் முழுக்க உள்ளங்கையால் தடவி நடந்தது,
ஆலையில் நான் மீனில் முள் தேடுகிற மாதிரி.
கதவுக்கு வந்தது. முதல் தாழைத் தூக்கியது.
என் கையில் துடைப்பம் வியர்த்தது.
கொக்கியை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக்
கடல் பக்கமாகப் போனது.
அதற்கும் இரவுப்பணிதான்.
வேறிடம் பார்க்க வேண்டும், பாவம்,
என்று ஒரு நொடி நினைத்தேன்.
ஒரே நொடி.

காலையில் முட்டை எடுக்கத் தவழ்ந்து நுழைந்தேன்
(உயரத்தில் மிச்சம் பிடித்ததற்கு முழங்கால் கட்டுகிறது வட்டி).
கடற்காற்று கதவைச் சாத்தியது.
எட்டு டாலர் தாழ் ஒழுங்காக விழுந்தது.

உள்ளிருந்து கை நீட்டினேன்.
அரை அங்குலத்தில்
சுண்டுவிரல்கூட நுழையவில்லை.

சொயெலைக் கூப்பிட்டேன்.
காப்பி முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார்.
மூன்று வாத்தும் கழுத்தைச் சாய்த்து
என்னை ஒரு கண்ணால் அளந்தன,
பிறகு தொட்டி ஓரமாகக்
கொஞ்சம் இடம்விட்டு உட்கார்ந்தன.

நல்ல வலை.
கொடுத்த காசுக்கு மிக நல்ல வலை.